வாய்ச்சொல்லா, கொமிஷனா, விளம்பரமா? திருகோணமலைச் சிறுதொழிலாளருக்கு ஓர் ஒப்பீடு

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, மூன்று அறைகளை வாடகைக்கு விடும் தங்கை. இன்னொருவர் உவர்மலையில் வீட்டு விறாந்தையில் இரண்டு இயந்திரங்களை வைத்துச் சாரிச் சட்டை தைக்கும் அக்கா. மூன்றாமவர் அன்புவழிபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றிக் குளிரூட்டி திருத்தும் தம்பி. மூவருக்கும் வேலை தெரியும், கையும் சுத்தம். ஆட்கள்தான் போதவில்லை. ஆட்களைக் கூட்டி வருபவருக்குக் காசு கொடுக்கலாமா, நல்ல பெயர் தானாகப் பரவட்டும் என்று காத்திருக்கலாமா, முகநூலில் விளம்பரம் போடலாமா என்று கேட்கிறார்கள்.

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் நகரத்துக்குள் ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்). பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைபவர் இந்தத் தொழிலில் அருமை. வருபவர் எல்லாம் யாரோ சொல்லித்தான் வருகிறார்கள். கீழே வரும் ஐந்து வழிகளையும் நான் முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

## எதை வைத்து அளப்பது

எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணினால் எல்லா வழியும் நல்ல வழியாகவே தெரியும். நான் பல வருடங்கள் அப்படித்தான் எண்ணினேன். இப்போது ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

வேகம். இன்று தொடங்கினால் முதல் ஆள் எப்போது வருவார்? மாத முடிவில் கடைவாடகை கட்ட வேண்டியவருக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

உண்மைச் செலவு. கையால் எடுத்துக் கொடுத்த காசோடு, விட்டுக்கொடுத்த கழிவு, கடனாகப் போய்த் திரும்பாதது, அதற்காகச் செலவான மாலைப் பொழுதுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஓர் ஆளுக்கு எவ்வளவு ஆகிறது?

ஒட்டுதல். வந்தவர் மறுபடி வருவாரா? வரும்போது இன்னொருவரைக் கூட்டி வருவாரா?

நிறுத்தினால். காசு கொடுப்பதை நிறுத்தினால், அல்லது டெங்குக் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டால், வரவும் படுத்துவிடுமா?

முகம். வேலை பிழைத்தால் யாருடைய முகம் கெடும்?

கடைசிக் கேள்வியின் கனம் எனக்கு ஒரு கல்யாண வீட்டில்தான் விளங்கியது. ஓர் ஐயர் அனுப்பிய குடும்பம்; 350 அழைப்பிதழ்கள். முன்பு அடித்த ஓர் அட்டையின் மேல் புதிய பெயர்களை ஏற்றி வேலையை முடித்தேன். திகதி சரியாக விழுந்தது; கிழமை மட்டும் பழைய அட்டையுடையது. வியாழக்கிழமை என்று இருக்க வேண்டிய இடத்தில் புதன்கிழமை. படி திருத்திய பெண்ணின் தகப்பனார் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எண்பது வீட்டுக்கு அட்டை போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெரியம்மா கண்டுபிடித்தார். இரவோடு இரவாக மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அந்தத் தாள் செலவை நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு. அந்தக் குடும்பம் என்னோடு சண்டைக்கு வரவில்லை. ஐயரிடம் போய், "நீங்கள் சொன்னபடியால்தானே அங்கே கொடுத்தோம்" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் ஒருவரையும் அனுப்பவில்லை. கோயில் வாசலில் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

காசு வாங்கிக்கொண்டு கூட்டி வந்தவராக இருந்திருந்தால் கணக்கு அந்த 350 அட்டையோடு முடிந்திருக்கும். வாய்ச்சொல் வேறு வகை. அது கைமாற்று. சொன்னவர் தன் நல்ல பெயரை எழுத்தில்லாமல், வட்டியில்லாமல் நம் கையில் தந்துவிட்டுப் போகிறார்.

## வழி 1: பழைய வாடிக்கையாளரின் வாய்ச்சொல்

மரண வீட்டு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். விடிய ஐந்து மணிக்கு ஒரு மருமகன் கதவைத் தட்டுவார். மத்தியானத்துக்குள் சுவரொட்டி சந்தியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எவரும் மூன்று அச்சகத்தில் விலை கேட்டுக்கொண்டு திரிவதில்லை. "போன தடவை சித்தப்பாவுக்கு யார் அடித்தது?" என்று வீட்டுக்குள் ஒரு குரல் கேட்கும், இன்னொரு குரல் பதில் சொல்லும். முடிந்தது. 31ஆம் நாள் வரும்போது அதே குடும்பம் தேவாரமும் வம்சாவளியும் புகைப்படமும் கொண்டுவந்து கல்வெட்டுக்குக் கொடுக்கும். கல்வெட்டின் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தை யாரும் எறிவதில்லை. அலுமாரியில் சாமான்களோடு கிடக்கும். இருபது வருடத்துக்கு முந்தைய கல்வெட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி, "இதேபோல் வேண்டும்" என்று வந்தவர் உண்டு. அந்த இரண்டு வரிக்கு நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

ஒட்டுதலில் இந்த வழியை எதுவும் தொடாது. நிறுத்தினாலும் வரவு நிற்காது, ஏனென்றால் நிறுத்த நம்மிடம் எதுவும் இல்லை. வேகம்தான் கொடுமை. புதிதாகத் தொடங்கியவருக்கு முதல் இரண்டு வருடம் இது சோறு போடாது.

இலவசம் என்று சொல்கிறார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். "இன்னார் அனுப்பினார்" என்ற வார்த்தைக்குள்ளேயே ஒரு கழிவு ஒளிந்திருக்கிறது. பெயரைச் சொன்னவுடன் விலை குறைய வேண்டும், முற்பணம் கேட்கக்கூடாது, மிச்சத்தைக் கல்யாணம் முடிந்த பிறகு தருவார்கள். மிச்சத்தைக் கேட்டால் அனுப்பியவருக்கு மனவருத்தம். என் கடன் கொப்பியில் நிற்கும் பெயர்களில் அறிமுகம் இல்லாமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை. தெரியாதவரிடம் நான் முற்பணம் வாங்கிவிடுகிறேனே!

இன்னொரு செலவு மெதுவாகத்தான் தெரியும்: வட்டம் மூடிக்கொள்ளும். ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஒழுங்கை ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி ஓரிடத்தில் நின்றுவிடும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொடுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது காணும் முகம். நெருங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். தள்ளி இருப்பவர்தான் புதிய கதவைக் காட்டுகிறார்.

எனக்கு அந்தக் கதவு கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வருபவர் படகுப் பாதைக்குக் காத்திருந்துதான் வர வேண்டும். ஓர் அழைப்பிதழுக்காக யார் அந்தப் பாடு படுவார்கள்? பாலம் வந்த பிறகு, பில் புத்தகம் அடிக்க வந்த அரிசி வியாபாரி நானா ஒருவர், தன் மச்சான் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழை என்னிடம் அனுப்பினார். வருடத்துக்கு இரண்டு முறை காணும் முகம் அவருடையது. அந்த ஒரு அட்டையின் பின்புறத்தில் இருந்த பெயர்தான் அந்தப் பக்கத்து வேலையெல்லாம் கொண்டுவந்தது.

எப்போது இது சரி: வாடிக்கையாளரும் அடுத்த வாடிக்கையாளரும் ஒரே ஊரில் முகம் பார்த்து வாழ்பவர்களாக இருந்தால், பிழைத்தால் விலை பெரிதாக இருக்கும் வேலையாக இருந்தால் (கல்யாணம், மரணம், மருந்து, பிள்ளைகளின் படிப்பு).

கேட்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. "ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள்" என்றால் தலையாட்டுவார்கள், யாருடைய முகமும் அவர்கள் நினைவுக்கு வராது. "உங்கள் ஒழுங்கையில் ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர் யாராவது உண்டா?" என்று கேட்டால் உடனே ஒரு பெயர் வரும். பெயர் தந்தவருக்கு, "அவர்கள் வந்தார்கள், வேலை முடிந்தது, சந்தோஷமாகப் போனார்கள்" என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். கைமாற்றைத் திருப்பிக் கொடுப்பது அப்படித்தான்.

## வழி 2: கூட்டி வருபவருக்குக் கொமிஷன்

ஓட்டோக்காரர், வழிகாட்டி, தரகர். கடற்கரைப் பக்கம் தொழில் செய்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் பஸ் நிலையத்தில் முதுகுப்பையோடு இறங்குபவருக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே முகம் ஓட்டோக்காரருடையது. அவர் நிறுத்தும் வாசல்தான் அவருக்கு விடுதி.

இதைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேகத்தில் இதற்கு இணை கிடையாது. இன்று பேசினால் இன்று மாலை ஆள் நிற்பார். ஆள் வந்தால்தான் காசு, வராவிட்டால் இல்லை. விளம்பரத்தில் இந்த நியாயம் கிடைக்காது.

செலவு மறைந்திருக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, விலை ஏறும்: நீங்கள் ஐந்நூறு கொடுத்தால் அடுத்த வாசல் எழுநூறு கொடுக்கும். ஓட்டோக்காரருக்கு நம் தலையணை உறையின் வெண்மையில் அக்கறை இருக்க நியாயமில்லை. இரண்டு, அந்தக் காசை அறை வாடகையின் மேல் ஏற்றிவிட்டு, அதே அறையை நேரே கேட்டு வந்தவருக்குக் குறைத்துக் கொடுத்தால், காலைச் சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசிக்கொள்வார்கள். பேசாமல் இருந்ததே இல்லை. மூன்று, பருவம். உப்புவெளி, நிலாவெளிக் கடல் அமைதியாக இருப்பது சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. நவம்பரில் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் புறாமலைக்குப் படகு விடுபவரும் ஓட்டோக்காரரும் நம்மைப்போலவே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நமக்கு ஆள் மிகவும் தேவைப்படும் மாதத்தில் அவரிடமும் ஆள் இல்லை.

என் தொழிலில் இதை முயன்றபோது வந்த வினை வேறு. ஒரு மண்டபத்தில் வேலை செய்தவருக்கு அழைப்பிதழுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தேன். சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு வீட்டாருக்கு அது தெரிந்துவிட்டது. அட்டையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது, ஆனால் "எங்கள் கல்யாணத்தில் அவருக்கும் ஒரு பங்கா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை.

எப்போது இது சரி: வருபவர் ஊருக்குப் புதியவர், ஒரு முறை வந்து போபவர், கூட்டி வருபவரை மறுபடி காணப்போவதில்லை என்றால். கொடுப்பதானால் முதல் இரவுக்கு மட்டும், எல்லா ஓட்டோக்காரருக்கும் ஒரே தொகை, அறை வாடகையில் ஏற்றாமல்.

## வழி 3: பக்கத்துத் தொழில்களோடு உறவு

மூவரில் இருவருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

ஒரு கல்யாணத்தில் காசு செலவாகும் வரிசையை எழுதிப் பாருங்கள். ஐயர் நாள் வைப்பார். மண்டபம் பிடிப்பார்கள். நகை, கூறை. அழைப்பிதழ். பிறகு சட்டை தைக்க, மணவறை அலங்காரம், போட்டோ, சமையல், வெளியூர் உறவினருக்கு அறை. இந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்தான் உங்களுக்கு ஆள் அனுப்பக்கூடியவர். பின்னால் நிற்பவருக்கு நீங்கள் அனுப்பலாம். அழைப்பிதழ் அடிக்க வரும் தாயும் மகளும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சட்டை எங்கே தைப்பது என்று தங்களுக்குள் பேசுவதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

கவனிக்க வேண்டியது, இது பண்டமாற்று மாதிரி நடக்காது என்பது. ஐயர் எனக்கு அனுப்புவார். நான் ஐயருக்கு அனுப்ப முடியாது, என்னிடம் வருபவர் எல்லாம் நாள் வைத்துவிட்டுத்தானே வருகிறார்கள். இதை விளங்காமல் "நான் பத்து ஆள் அனுப்பினேன், நீ எத்தனை அனுப்பினாய்" என்று கணக்குப் பார்த்தவர்களின் நட்பு கெட்டதைக் கண்டிருக்கிறேன். முன்னால் நிற்பவருக்கு வேறு விதமாகச் செய்ய வேண்டும். ஐயரின் கோயில் நோட்டீசை நான் தாள் விலைக்கு அடித்துக் கொடுக்கிறேன். கிழமைப் பிழைக்குப் பிறகு அவர் மனம் இறங்கியதும் அப்படித்தான்: ஒரு கொடியேற்ற நோட்டீஸ், திகதியும் கிழமையும் நட்சத்திரமும் மூன்று முறை சரிபார்த்தது.

மறைந்த செலவு என்னவென்றால், நீங்கள் அனுப்பும் இடம் சொதப்பினால் அது உங்கள் தலையில் விழும். நான் ஒரு போட்டோக்காரரின் பெயரைச் சொல்லப்போய், ஆல்பம் எட்டு மாதம் வராமல், அந்தத் தாய் என்னைத்தான் சந்தையில் மறித்துக் கேட்டார். இப்போது எவருடைய வேலையையும் கண்ணால் பார்க்காமல் பெயர் சொல்வதில்லை. இரண்டு பெயர் சொல்வேன், தெரிவு அவர்களுடையது.

எப்போது இது சரி: உங்கள் வேலை ஒரு பெரிய செலவின் நடுவில் வரும் ஒரு துண்டாக இருந்தால். கல்யாணம், வீடு கட்டுதல், பிள்ளைப்பேறு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள்.

## வழி 4: ஆள் அனுப்பும் வாடிக்கையாளருக்குக் கழிவு

"ஒருவரைக் கூட்டி வந்தால் அடுத்த முறை பத்து வீதம் கழிவு." பெரிய நிறுவனங்களுக்கு இது வேலை செய்கிறது. ஜேர்மனியில் ஒரு வங்கி, ஆள் கூட்டி வந்தவருக்கு 25 யூரோ கொடுத்தது. ஏறக்குறைய பத்தாயிரம் வாடிக்கையாளரைக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, அப்படி வந்தவர்கள் மற்றவர்களைவிட விலகிப்போவது 18 வீதம் குறைவு என்று சொல்கிறது. கொடுத்த காசுக்கு மேல் வங்கிக்கு வந்ததாம்.

வங்கிக்கும் அச்சகத்துக்கும் இடையில் கடல் இருக்கிறது. மரண வீட்டுக்காரரிடம் கழிவுச் சீட்டை நீட்ட முடியுமா? கல்யாண வீட்டில் நீட்டலாம். ஆனால் அடுத்த கல்யாணம் பத்து வருடத்துக்குப் பிறகு. அதோடு, சும்மா சொல்லிக்கொண்டு இருந்தவரும் இனிக் கழிவுக்காகச் சொல்கிறாரோ என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிட்டால் அந்தச் சொல்லின் எடை பாதியாகிவிடும். நான் ஒரு தைப்பொங்கலுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். திரும்பி வந்தவை பெரும்பாலும் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களின் கையிலிருந்து.

மதியச் சாப்பாட்டுப் பார்சல், முடிதிருத்தகம், டியூஷன் வகுப்பு: அடிக்கடி வாங்குவது, சின்னத் தொகை என்றால் இது பொருந்தும். அப்போதும் கழிவைப் புதிதாக வருபவருக்குக் கொடுப்பது நல்லது. "என் பெயரைச் சொல், உனக்கு ஒரு வடை கூட வைப்பார்" என்று சொல்பவருக்குப் பெருமை. "உன்னைக் கூட்டிப்போனால் எனக்கு வடை" என்றால் வெட்கம்.

## வழி 5: முகநூல் விளம்பரமும் இணைய முன்பதிவுத் தளங்களும்

இரண்டும் ஒன்றல்ல. முகநூலில் காசு கட்டிப் பரப்பினால் அன்றே தொலைபேசி அடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் "விலை என்ன?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார்கள். பதில் சொல்லவே ஓர் ஆள் வேண்டும். காசை நிறுத்தினால் அன்றே அமைதி. டொலரில் கட்டுபவருக்கு இன்னொரு அபாயம்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, அதே விளம்பரம் ஏறக்குறைய இரட்டிப்பு விலையானது. அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளரின் கையிலும் காசு இல்லை.

முன்பதிவுத் தளங்கள் பொதுவாக 15 வீதத்தை ஒட்டிக் கொமிஷன் எடுக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை ஓர் இரவுக்கு 8,000 ரூபா, விருந்தினர் மூன்று இரவு தங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு 3,600 ரூபா. ஓட்டோக்காரருக்கு முதல் இரவின் பத்து வீதம் என்றால் 800. ஓட்டோக்காரர்தான் மலிவு! ஆனால் தளத்தில் வந்தவர் ஊர் திரும்பியதும் நான்கு வரி எழுதுகிறார், அது அங்கேயே நிற்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த நான்கு வரிதான் வாய்ச்சொல். ஓட்டோவில் வந்தவரையும் கூகுளில் எழுதச் சொல்லிக் கேட்டால், 800 ரூபா இரண்டு முறை வேலை செய்யும். கேட்கலாம், எழுதினால் கழிவு என்று மட்டும் சொல்லக்கூடாது. கூகுள் விதிப்படி கைம்மாறு கொடுத்து வாங்கும் விமர்சனம் செல்லாது.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். அதைக்கூடச் செய்யாமல் விளம்பரத்துக்குக் காசு கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

## ஒரே பார்வையில்

| | வேகம் | உண்மைச் செலவு | ஒட்டுதல் | நிறுத்தினால் | பிழைத்தால் யார் முகம் |
|---|---|---|---|---|---|
| வாய்ச்சொல் | மிக மெது | கடன், எதிர்பார்க்கும் கழிவு | மிக அதிகம் | தொடரும் | சொன்னவர் முகம் |
| கொமிஷன் | அன்றே | ஏறிக்கொண்டே போகும் | குறைவு | உடனே நிற்கும் | உங்கள் முகம் மட்டும் |
| பக்கத்துத் தொழில் | சில மாதம் | நேரம், தாள் விலை வேலை | அதிகம் | மெதுவாகக் குறையும் | இருவர் முகமும் |
| கழிவு | சில வாரம் | எப்படியும் வருபவருக்கும் போகும் | தொழிலைப் பொறுத்தது | நிற்கும் | கொஞ்சம் சொன்னவருக்கும் |
| விளம்பரம், தளம் | அன்றே | டொலர், 15 வீதம், பதில் சொல்லும் ஆள் | விமர்சனம் மட்டும் நிற்கும் | விளம்பரம் உடனே, விமர்சனம் நீடிக்கும் | உங்கள் முகம், எல்லோரும் காண |

அட்டவணையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால் கடைசி நிரலை முதலில் பாருங்கள்.

## மூவருக்கும் சொன்னது

உப்புவெளித் தங்கைக்கு: பருவத்தில் கொமிஷனும் தளமும் இரண்டும் வேண்டும், வெட்கப்படத் தேவையில்லை. உங்கள் விருந்தினர் நாளை மறுநாள் சிகிரியாவில் இருப்பார். மழை மாதங்களுக்கு நகரத்தைப் பாருங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020இலும், 2022இலும் வெளிநாட்டவர் வராமல் போனார்கள். உள்ளூர்க் கல்யாணம் நின்றுவிடவில்லை, சின்னதாகத்தான் ஆனது. மண்டபக்காரரிடம் போய், கொழும்பிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு மூன்று அறை இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். அங்கே காசு பேச வேண்டாம். மண்டபத்து அம்மா ஒரு நாள் தன் விருந்தினருக்கு அறை கேட்டால் வாடகை வாங்காமல் விடுங்கள்.

உவர்மலை அக்காவின் சிக்கல் ஆள் பஞ்சம் அல்ல என்பது பேசப்பேசத்தான் தெரிந்தது. தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அவரால் வரும் துணியைத் தைத்து முடிக்க முடியவில்லை. நடு மாதங்களில்தான் இயந்திரம் தூங்குகிறது. இவர் விளம்பரம் போட்டால் நெருக்கடி மாதத்தில் இன்னும் பத்துப் பேர் வந்து, வாக்குக் கொடுத்த நாளில் சட்டை கிடைக்காமல், இருக்கிற பெயரையும் கெடுத்துக்கொண்டு போவார்கள். அவருக்கு வழி 3 மட்டும் போதும்: சாரிக் கடை ஒன்று, அழகுக்கலைப் பெண் ஒருவர். அதோடு, கல்யாணப் பெண்ணின் சட்டையை நாள் தவறாமல் கொடுத்த அன்று, "தோழிகளுக்கு அவசரமில்லாத சட்டை இருந்தால் ஆனி மாதம் வரச் சொல்" என்று மாதத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை, "அது எனக்கும் தோன்றியது தம்பி" என்றார்.

அன்புவழிபுரத்துத் தம்பிதான் மிகவும் அதிர்ஷ்டசாலி, அவருக்கு அது தெரியவில்லை. கடலோர ஊரில் உப்புக் காற்று குளிரூட்டியின் வெளிப்பெட்டியைத் தின்றுகொண்டே இருக்கிறது. அவருடைய வாடிக்கையாளர் எப்படியும் மறுபடி யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் கூப்பிடும் நாளில் அவருடைய இலக்கம் எங்கே? தொலைபேசியில் "ஏசி தம்பி" என்று மூன்று பேர் பதிவாகியிருப்பார்கள். விற்கும் கடைக்காரரையும், வீடு கட்டும்போது வயர் இழுப்பவரையும் (வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பவர்கள்) போய்ப் பாருங்கள் என்றேன். அதைவிட முக்கியம், திருத்திய ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் பெயர், இலக்கம், செய்த வேலை, அடுத்த பராமரிப்பு எப்போது என்று ஒரு ஸ்டிக்கர். கல்வெட்டின் கடைசிப் பக்கம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு இலக்கத்தை எடுத்துக்கொண்டு போவார். சொல்பவர் வாய் திறக்கவே தேவையில்லை.

ஸ்டிக்கரை எங்கே அடிப்பது என்று கேட்டார். இந்த யோசனையில் என் சுயநலமும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு, வேறு இரண்டு அச்சகத்தின் பெயரையும் சொல்லி, என் விலையையும் சொன்னேன். மறுநாள் வந்து இருநூறு அடிக்கச் சொன்னார். பெயர், இலக்கம், பேனாவால் நிரப்ப இரண்டு கோடு. கிழமை போட இடமே இல்லாத வேலை.